அறிவியலின் மீகாமன் நார்பர்ட் வீனர்

நுழையும்முன்

மரக்கலத்தை விரைந்து செலுத்துவது காற்று. அதனை உரிய துறைக்குக் கொண்டு சேர்ப்பது மீகாமனின் அறிவு. காற்று வலுக்க வலுக்க மீகாமனின் பொறுப்பும் கூடுகிறது. தொழில்நுட்பம் என்னும் காற்று உலகெங்கும் வலுத்து வீசும் காலத்தில் நாம் வாழ்கிறோம். கணினியும் செயற்கை நுண்ணறிவும் யாருக்குப் பயன்பட வேண்டும், அவற்றை நெறிப்படுத்துவோர் யார், ஆய்வுக்குப் பணம் தருவோர் ஆய்வின் திசையையும் முடிவு செய்யலாமா என்னும் வினாக்கள் இன்று எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அவற்றுக்கு விடையாகத் தம் வாழ்வில் சிலவற்றைத் துறந்த ஒரு கணித அறிஞரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

நார்பர்ட் வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லியோ வீனர், ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பியாலிஸ்டாக் நகரத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பன்மொழிப் புலவரான அவர் பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராக விளங்கினார். டால்ஸ்டாயின் படைப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்த பெருமையும் அவருக்கு உண்டு.

மகனுக்குத் தாமே ஆசிரியராக இருந்து கற்பித்தார் தந்தை. அவர் கற்பித்த முறை கடுமையானது. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சினம் பொங்கும். சிறுவன் கண்ணீர் சிந்துவான். எட்டாம் வயதில் வீனரின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. ஆறு மாதங்கள் எதையும் படிக்கலாகாது என்று மருத்துவர் தடை விதித்தார். ஆயினும் பாடம் நிற்கவில்லை. தந்தை சொல்லச் சொல்லக் கேட்டு, எழுதிப் பாராமலே மனத்துள் கணக்கிடப் பழகினார் சிறுவர். பின்னாளில் நீண்ட கணிதச் சிக்கல்களை மனத்திலேயே விரித்துப் பார்க்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்ததற்கு அப்பயிற்சியும் ஒரு காரணமாயிற்று.

பதினொன்றாம் வயதில் பள்ளிக் கல்வியை முடித்து டஃப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1909இல், பதினான்கு வயதில், இளநிலைப் பட்டம் பெற்றார். 1913இல், பதினெட்டு வயதில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. செய்தித்தாள்கள் அவரை வியப்புக் குழந்தை என்று கொண்டாடின. அந்தப் புகழ் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. மகனின் வெற்றிகள் தம் பயிற்சியால் விளைந்தவை எனத் தந்தை பொதுவெளியில் எழுதியதைப் படித்தபோது, வெற்றி தந்தைக்கும் தோல்வி தமக்கும் உரியதாக்கப்பட்டதாக அவர் உள்ளம் வருந்தினார். மனிதரைக் கருவியாகக் கருதுவதன் மீது அவர் பிற்காலத்தில் கொண்ட வெறுப்பின் வேரை இவ்விளமைக் காலத்தில் காணலாம்.

கணித அறிஞர்

முனைவர் பட்டத்திற்குப்பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பெர்ட்ரண்டு ரஸ்ஸலிடமும் ஹார்டியிடமும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் டேவிட் ஹில்பர்ட்டிடமும் பயின்றார். முதல் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடும் அட்டவணைகளை உருவாக்கும் குழுவில் பணிசெய்தார். 1919இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்த அவர், வாழ்நாள் முழுவதும் அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒழுங்கின்றி அலைவதைப் பிரௌனியன் இயக்கம் என்பர். எந்தத் துகள் அடுத்த நொடியில் எங்குச் செல்லும் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு கணித வடிவம் உண்டு என்று வீனர் 1920களில் நிறுவினார். இன்று அது வீனர் செயல்முறை என வழங்கப்படுகிறது. இயற்பியல் முதல் பங்குச் சந்தைக் கணக்கீடு வரை பல துறைகளுக்கு அது அடிப்படையாக உள்ளது. நிகழ்வதனைத்தையும் முன்கூட்டியே அறுதியிட இயலாது. ஆயினும் இயல்வதைக் கணிக்கலாம் என்னும் தெளிவு, அவருடைய பிற்கால எண்ணங்கள் அனைத்திலும் ஊடாடி நின்றது.

போர்க்கால ஆய்வு

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்சிப் படையின் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கின. விமானம் இருக்கும் இடத்தைக் குறிபார்த்துச் சுட்டால், குண்டு அங்குச் சென்று சேர்வதற்குள் விமானம் நெடுந்தொலைவு கடந்துவிடும். எனவே சில நொடிகளுக்குப் பின் விமானம் எங்கிருக்கும் என்பதைக் கணித்துச் சுட வேண்டும். அதற்கான முறையைக் கண்டறியும் பணியை வீனர் ஏற்றார். ஜூலியன் பிகெலோ என்னும் பொறியாளர் அவருக்குத் துணைநின்றார். அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆய்வுக் குழு நிதி வழங்கியது. கொடுங்கோன்மைக்கு எதிரான போரில் தம் அறிவு பயன்பட வேண்டும் என்பதில் வீனருக்கு அன்று ஐயமில்லை.

அவர்கள் வகுத்த கருவி போர்க்களத்திற்குச் செல்லவில்லை. ஆனால் அதற்காக வகுத்த கணிதக் கோட்பாடு 1942இல் மறைவடக்க அறிக்கையாக அச்சாகி, மஞ்சள் நிற அட்டையுடன் அறிஞர் சிலரிடையே உலவியது. தகவல் தொடர்பியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

பின்னூட்டம் என்னும் கருத்து

அவ்வாய்வின்போது வீனர் ஒன்றைக் கண்டார். இலக்கை நோக்கித் திரும்பும் பீரங்கி, தான் எவ்வளவு தவறியுள்ளது என்பதை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. மேசைமீதுள்ள எழுதுகோலை எடுக்க நீளும் கையும் அவ்வாறே இயங்குகிறது. கைக்கும் எழுதுகோலுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கண் மூளைக்குச் சொல்ல, மூளை கையைத் திருத்துகிறது. விளைவைப் பற்றிய செய்தி மீண்டும் செயலுக்கே திரும்பி அதனை நெறிப்படுத்தும் இம்முறை பின்னூட்டம் எனப்படும்.

பின்னூட்டம் அளவுக்கு மிஞ்சினால் எந்திரம் இருபுறமும் அலைந்து தடுமாறும். மனித உடலிலும் அத்தகைய நோய் உண்டா என்று வீனரும் பிகெலோவும் மெக்சிகோ நாட்டு உடலியங்கியல் அறிஞர் ஆர்த்துரோ ரோசன்புளூத்தை வினவினர். உண்டு என்றார் அவர். சிறுமூளை பழுதுற்றவர் ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது கை இருபுறமும் ஆடி அலையும். எந்திரத்தையும் உயிரையும் ஒரே கோட்பாட்டால் விளக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1943இல் மூவரும் இணைந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். போருக்குப்பின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் நல்கை பெற்று, மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் மாறி மாறித் தங்கி, வீனரும் ரோசன்புளூத்தும் இவ்வாய்வைத் தொடர்ந்தனர்.

மறுத்துச் சொன்ன நாள்

1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீதும், 9ஆம் நாள் நாகசாகியின்மீதும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. இலட்சக்கணக்கான உயிர்கள் அழிந்தன. அணுகுண்டு ஆய்வில் வீனருக்குப் பங்கில்லை. ஆயினும் அறிவியலாளர் என்னும் நிலையில் அச்செய்தி அவரை உலுக்கியது. கண்டுபிடித்துத் தருவதுடன் அறிஞரின் கடமை முடிந்துவிடுகிறதா, தம் அறிவு யார் கையில் சேர்கிறது என்பதை அவர் பார்க்க வேண்டாவா என்று அவர் தம்மைத்தாமே வினவிக்கொண்டார்.

அவ்வினாவுக்கு விடைகூற வேண்டிய வேளை விரைவில் வந்தது. 1946இல், ஏவுகணை உருவாக்கத்தில் ஈடுபட்டிருந்த வானூர்தி நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த அறிவியலாளர், வீனரின் போர்க்கால அறிக்கையின் படி ஒன்றை வேண்டி மடல் எழுதினார். வீனர் மறுத்துவிட்டார். வழிநடத்தப்படும் ஏவுகணை நகரங்களில் வாழும் பொதுமக்களைக் கொல்வதற்கே பயன்படும். பொறுப்பற்ற போர்வெறியர் கையில் சேர்ந்து தீங்கு விளைக்கக்கூடிய எதனையும் இனி வெளியிடப் போவதில்லை என்பது அவர் எழுதிய விடையின் கருத்து. அம்மறுப்பு மடல் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மாத இதழில் வெளிவந்தது. அதே காலத்தில், கடற்படையின் ஆதரவுடன் ஹார்வர்டில் நடைபெற்ற கணினி மாநாட்டில் உரையாற்றவும் அவர் மறுத்துவிட்டார்.

ஆய்வு நிதியும் ஆய்வின் திசையும்

இம்மறுப்பின் அருமையை உணர அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். போருக்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளுக்கு அறக்கட்டளைகளும் செல்வர்களும் பெரும்பாலும் பொருளுதவி செய்தனர். போர் அந்நிலையை மாற்றியது. 1946இல் அமெரிக்கக் கடற்படை தனக்கென ஆய்வு அலுவலகம் ஒன்றை நிறுவிப் பல்கலைக்கழகங்களுக்குப் பெருநிதி வழங்கத் தொடங்கியது. குடிமை நோக்கில் அடிப்படை ஆய்வுகளை ஊக்குவிக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950இல்தான் தோன்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில், இயற்பியலும் கணினியியலும் பயின்ற இளைஞர்களுக்குப் படைத்துறை நிதியே எளிதில் கிட்டும் நிதியாக இருந்தது.

அந்நிதியால் நன்மையே விளையவில்லை என்று கூற இயலாது. கணினியும் மின்னணுவியலும் விரைந்து வளர்ந்ததற்கு அதுவும் காரணம். வீனரின் கவலை வேறு வகையானது. நிதி தருவோரின் தேவையே ஆய்வாளரின் வினாவாக மாறிவிடும்; மறைவடக்கம் புகுந்தால் அறிஞர்களிடையே கருத்துப் பரிமாற்றம் அறும்; பெரும் பணம் பாயும் இடத்தில் இளம் ஆய்வாளர் சிந்திப்பதைக் கைவிட்டு ஏவிய பணியைச் செய்யும் பணியாளராவர் என அவர் அஞ்சினார். அறிவியலின் உயிர்நாடி கட்டற்ற வினாவே என்பது அவர் கொள்கை.

அவருடைய நிலைப்பாட்டைக் குறைகூறியோரும் உண்டு. ஒருவர் மறுப்பதால் அறிவியல் நின்றுவிடாது என்றனர். அவர் தர மறுத்த அறிக்கையே 1949இல் நூலாக வெளிவந்து யாவர்க்கும் கிடைத்தது. அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் மின்னணுவியல் ஆய்வகமும் முப்படைகளின் நிதியைப் பெற்றே இயங்கியது. இம்முரண்கள் உண்மையானவை. தம் ஒருவரின் மறுப்பு ஆயுதப் போட்டியைத் தடுத்துவிடும் என்பதற்காக வீனர் மறுக்கவில்லை. அறிஞர் ஒவ்வொருவரும் தம் மனச்சான்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் என்பதை நிறுவவே மறுத்தார். போருக்குப்பின் படைத்துறை நிதியை ஏற்பதில்லை என்னும் உறுதியால் அவர் இழந்தவை பல. அவ்வுறுதியிலிருந்து அவர் தளரவில்லை.

சைபர்நெட்டிக்ஸ்

1948இல் வீனரின் புகழ்பெற்ற நூலான சைபர்நெட்டிக்ஸ் வெளிவந்தது. விலங்கிலும் எந்திரத்திலும் நிகழும் கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் ஆராயும் அறிவுத்துறைக்கு அவர் இட்ட பெயரே அது. கணிதச் சமன்பாடுகள் நிறைந்த நூலாயினும் பொதுமக்களும் அதனை விரும்பி வாங்கினர். இன்று நாம் வழங்கும் சைபர் என்னும் முன்னொட்டு இந்நூலின் பெயரிலிருந்து பிறந்ததே.

தெரிந்து தெளிவோம்

கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துபவனைக் கூபர்நேட்டிஸ் என்பர். சைபர்நெட்டிக்ஸ் என்னும் பெயர் அச்சொல்லின் அடியாகப் பிறந்தது. அச்சொல்லே இலத்தீன் வழியாகத் திரிந்து, ஆளுகையைக் குறிக்கும் கவர்னன்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லாகவும் ஆயிற்று. எந்திரத்தை நெறிப்படுத்துவதற்கும் நாட்டை நெறிப்படுத்துவதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. தமிழில் கலம் செலுத்துபவனைக் குறிக்க நீகான், மீகாமன் ஆகிய பழஞ்சொற்கள் உள்ளன.

தொழிலாளர் நலன்

தானே இயங்கும் எந்திரங்கள் தொழிற்சாலைகளில் நுழைந்தால் தொழிலாளர் நிலை என்னாகும் என்பதை வீனர் முன்னுணர்ந்தார். எந்திரம் ஊதியமின்றி உழைக்கும் அடிமைக்கு நிகர். அதனோடு போட்டியிடும் தொழிலாளி அடிமையின் நிலைக்குத் தள்ளப்படுவார் என்பது அவர் கணிப்பு. தொழிற்சாலைகளைத் தானியங்கு முறைக்கு மாற்ற ஆலோசனை கூறுமாறு ஒரு நிறுவனம் அவரை அணுகியபோது அவர் இணங்கவில்லை. மாறாக, 1949இல் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூதருக்குத் தாமே மடல் எழுதி, வரவிருக்கும் மாற்றத்தை எடுத்துரைத்தார். எந்திரத்தால் விளையும் ஊதியத்தில் தொழிலாளர்க்கும் பங்கு வேண்டும். அதற்குச் சங்கம் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்று வலியுறுத்தினார். ரூதர் அவருடைய கருத்தை ஆர்வத்துடன் வரவேற்றார்.

அடுத்த ஆண்டில், மனிதரை மனிதராகப் பயன்கொள்வது எவ்வாறு என்பதை விளக்கிப் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். சலிப்பூட்டும் வேலையிலிருந்து மனிதரை விடுவிப்பின் எந்திரம் நன்மை தரும். மனிதரையே எந்திரத்தின் உறுப்பாக்கினால் தீமை தரும் என்பது அந்நூலின் சாரம். எந்திரத்தை அவர் வெறுக்கவில்லை. அதனை ஏவுவோரின் நோக்கத்தையே ஆராயச் சொன்னார்.

இந்தியாவில் வீனர்

வீனருக்கு இந்தியாவின்மீது ஈடுபாடு மிகுதி. 1955–56இல் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராகத் தங்கிக் கற்பித்தார். அந்நிறுவனத்தை 1931இல் தோற்றுவித்த மகாலனோபிஸ், நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்று அந்நிறுவனத்தில் நிறுவப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். இந்தியக் கணித அறிஞர் மசானியுடன் இணைந்து வீனர் ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார்.

மேலைநாடுகளின் தொழிற்புரட்சி, நெரிசலும் நோயும் நிறைந்த ஆலைக் குடியிருப்புகளையும் குழந்தைத் தொழிலையும் பெற்றெடுத்தது. இந்தியா அத்துன்பப் பாதையைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று வீனர் கருதினார். திறன்மிக்க தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றுவித்துத் தானியங்கு தொழில்களை உருவாக்கினால், அந்த இடைநிலையைக் கடந்து செல்லலாம் என்பது அவர் எண்ணம். இந்தியாவைப் போன்று மக்கள்தொகை மிகுந்த நாட்டில் வேலைவாய்ப்பு என்னாகும் என்னும் வினா அதனோடு எழுகிறது. அவ்வினாவுக்கு நாம் இன்றும் விடைதேடி வருகிறோம்.

கேட்டதைத் தரும் எந்திரம்

1960இல் சயின்ஸ் ஆய்விதழில் வீனர் ஒரு கட்டுரை எழுதினார். கற்றுக்கொள்ளும் எந்திரங்கள் மனிதர் எதிர்பாராத வழிகளிலும் செயல்படக்கூடும். அவற்றின் விரைவுக்கு ஈடுகொடுத்து மனிதரால் தடுக்க இயலாமற் போகலாம் என்று அதில் எச்சரித்தார். இதனை விளக்க அவர் தம் நூல்களில் ஒரு கதையை எடுத்தாள்வதுண்டு. வேண்டிய மூன்று வரங்களைத் தரும் மந்திரக் குரங்குப் பாதம் ஒன்று ஓர் ஏழைக் குடும்பத்தின் கைக்கு வருகிறது. தந்தை இருநூறு பவுன் வேண்டுகிறார். பணம் வருகிறது. ஆனால் அது, தொழிற்சாலை எந்திரத்தில் சிக்கி இறந்த தம் மகனுக்கான இழப்பீட்டுத் தொகையாக வருகிறது.

மந்திரப் பாதம் பொய்க்கவில்லை. கேட்டதை அப்படியே தந்தது. எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் கேட்டவர் எண்ணிப் பார்க்கவில்லை. எந்திரமும் அத்தகையதே என்றார் வீனர். நாம் உண்மையில் விரும்புவது எது என்பதைத் தெளிந்த பின்னரே எந்திரத்துக்கு இலக்கை வகுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்த முயலும் இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள தலையாய சிக்கலும் இதுவே.

இறுதிக் காலம்

அறிவின் உயரத்தில் நின்ற வீனரின் தனிவாழ்வு அமைதியானதன்று. அவ்வப்போது மனச்சோர்வு அவரை வாட்டியது. நெருங்கிய ஆய்வு நண்பர்கள் சிலருடன் திடீரென உறவை முறித்துக்கொண்டார். அதனால் பயனுள்ள கூட்டாய்வுகள் சில தடைப்பட்டன. மனைவி மார்கரெட்டின் துணையும் மாணவர்களின் அன்பும் அவருக்கு ஆறுதல் அளித்தன. தடித்த கண்ணாடியும் குறுந்தாடியும் கொண்டு, வழியில் எதிர்ப்படுவோரிடமெல்லாம் உரையாடியவாறு நிறுவனத்தின் நெடிய தாழ்வாரங்களில் நடந்து செல்லும் அவரை அறியாதார் அங்கில்லை.

1961இல் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோதும் அவர் மனம் ஓயவில்லை. கையிழந்தவரின் தசைகளில் தோன்றும் நுண்ணிய மின்குறிப்புகளைக் கொண்டு செயற்கைக் கையை இயக்கலாம் என்று மருத்துவர்களுடன் உரையாடினார். அவ்வெண்ணம் பிறரால் வளர்க்கப்பட்டு, அவர் மறைவுக்குப்பின் பாஸ்டன் கை என்னும் பெயரில் உருப்பெற்றது. பீரங்கியைத் திருப்பப் பயன்பட்ட அதே பின்னூட்டக் கோட்பாடு, கையிழந்தவருக்குக் கை தரவும் பயன்பட்டது. அறிவு ஒன்றே, அதன் பயனைத் தீர்மானிப்பது நோக்கம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு அணிவிக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப்பின், மார்ச் 18ஆம் நாள், பயணம் சென்றிருந்த ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், 69ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார்.

நிறைவாக

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப அறத்தையும் பொதுக்கொள்கையையும் ஆராயத் தனித்துறைகள் தோன்றியுள்ளன. அவற்றுக்கும் நிதி தேவை. அந்நிதியை அரசு தரலாம்; அறக்கட்டளை தரலாம்; ஆராயப்படும் தொழில்நுட்ப நிறுவனங்களே தருவதும் உண்டு. நிதி எங்கிருந்து வருகிறது என்பதை வெளிப்படையாகக் கூறுவதும், நிதி தந்தவர் விரும்பாத முடிவையும் அஞ்சாமல் வெளியிடுவதும் ஆய்வாளரின் கடமைகள். வீனர் தம் வாழ்வால் இதனைக் கற்பித்தார்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் பொறியாளராவீர், சிலர் ஆய்வாளராவீர், சிலர் கொள்கை வகுக்கும் அலுவலராவீர். உங்கள் முன்னும் ஒருநாள் ஒரு மடல் வந்து சேரலாம். அதற்கு என்ன விடை எழுதுவது என்பதை அன்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். சுக்கான் அப்போது உங்கள் கையில் இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அன்றாடம் காணும் கருவிகளில் பின்னூட்ட முறையில் இயங்குவன எவை எனப் பட்டியலிட்டு, ஒன்றன் செயல்பாட்டை விளக்குக.

2. அறிவியலாளர் தம் கண்டுபிடிப்பின் விளைவுக்கும் பொறுப்பாவாரா என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. தானியங்கு எந்திரங்களால் உங்கள் ஊரில் ஒரு தொழில் அடைந்துள்ள மாற்றத்தை, அத்தொழில் செய்வோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.